சிங்கப்பூரின் சிறு பீர் ஆலைகள்: நம் ஊரார் கேட்டவையும் என் பதில்களும்

மலேசியாவின் கூலாயிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு சிறிய பீர் ஆலையில் 14 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். தானியம் அரைப்பது, தொட்டி கழுவுவது, நொதிப்பதைக் கவனிப்பது, வந்தவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டுவது என எல்லா வேலையும் பார்த்திருக்கிறேன். விடுமுறை நாள்களில் அங்குள்ள மற்ற சிறு ஆலைகளுக்கும் போய்ப் பார்த்து வந்தேன். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்வதால், இந்த இடங்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம். சிலர் இவற்றை ‘மது வடிப்பாலை’ என்று எழுதுகிறார்கள். பீர் வடிக்கப்படுவதில்லை, நொதிக்க வைக்கப்படுகிறது. விஸ்கிதான் ஆவியாக்கி வடிக்கப்படுவது. ஆகவே நான் பீர் ஆலை என்றே எழுதுகிறேன். ஆலையோடு ஒட்டியிருக்கும், குழாயைத் திறந்து ஊற்றித் தரும் கூடத்தை அங்கே டேப்ரூம் என்பார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்: தம்பி, நாங்கள் குடித்த தென்னங்கள்ளுக்கும் இந்த பீருக்கும் என்னதான் வேறுபாடு?

ஐயா, இரண்டும் நொதித்த பானங்கள்தாம். ஆனால் தொடங்கும் இடம் வேறு. பாளையைச் சீவினால் சொட்டுவது சர்க்கரைத் தண்ணீர். கலயத்தில் விழுந்த கணத்திலிருந்தே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதை நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு தடைபட்டுப் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் மாலைக்குள் கள், மறுநாள் புளிப்பு, அதற்கும் பிறகு காடி.

பார்லியில் இருப்பது சர்க்கரை அல்ல, மாவு. நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறோம் அல்லவா, பார்லியையும் அப்படியே முளைகட்டி உலர்த்துகிறார்கள். அதற்கு மால்ட் என்று பெயர். அதை உடைத்து ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளையில் பிறந்த நொதிகள் (என்சைம்கள்) மாவைச் சர்க்கரையாக மாற்றிவிடும். சூடு எல்லை மீறினால் நொதிகள் செயலிழந்துவிடும். அன்றைய வேலை முழுவதும் வீண். பின்னர் அந்தச் சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கசப்பான பூவைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, குளிரவைத்து, வளர்த்தெடுத்த ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். கொதித்ததாலும் ஹாப்ஸ் சேர்ந்ததாலும் பீர் கள்ளைப் போல் ஒரே நாளில் புளித்துப்போவதில்லை.

நீங்கள் கள்ளை நுரையையும் வாசனையையும் வைத்தே எடைபோட்டவர். அந்த மூக்கும் நாக்கும் இந்த இடங்களில் உங்களுக்குப் பெரிதும் உதவும். ஆலையில் என் முதல் வாரத்தில் நொதிக்கும் தொட்டியிலிருந்து வந்த குழாயை ஒரு வாளித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். அதில் குமிழிகள் ‘களுக் களுக்’ என்று இடைவிடாமல் எழும்பிக்கொண்டிருந்ததைக் கண்டதும், தாத்தா இறக்கி வைத்த கலயத்தின் வாயில் நுரை பொங்கி வழிந்த காட்சிதான் என் கண்முன் நின்றது.

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளைஞர்: அண்ணே, முதன்முதலாகப் போகிறவன் என்ன கேட்க வேண்டும்?

பெரிய கிளாஸ் கேட்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு பலகையில் நான்கைந்து சிறு கிளாஸ்களை வைத்துத் தருவார்கள். ஃபிளைட் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மெல்லியதிலிருந்து கனமானதை நோக்கிக் குடியுங்கள். கசப்பு மிகுந்த ஐபிஏ வகையை முதலில் குடித்தவன் நாக்குக்கு, அதன் பிறகு வரும் மெல்லிய லாகர் வெறும் தண்ணீராகத்தான் தெரியும்.

கோதுமை பீரை முதலில் முகர்ந்து பாருங்கள். ஜெர்மானிய முறையில் செய்தது என்றால் நன்றாகப் பழுத்த பீசாங் மாஸ் வாழைப்பழத்தின் மணமும் கிராம்பின் மணமும் எழும். தொட்டியில் பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. அந்த ஈஸ்ட் உண்டாக்குகிற மணம் அது. கருநிற ஸ்டவுட்டில் காப்பி வாசனை வருவதற்கு வறுத்த பார்லியே காரணம். பாண்டான் இலை, செராய் என்னும் எலுமிச்சைப் புல், கூலா மலாக்கா என்னும் பனைவெல்லம் சேர்த்த பீரும் சிங்கப்பூரில் செய்திருக்கிறார்கள். கிடைத்தால் சுவைத்துப் பாருங்கள்.

ஊற்றித் தருபவரிடம் தயங்காமல் கேளுங்கள். எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, எப்போது பீப்பாயில் நிரப்பியது என்று கேட்டால் முகம் மலர்ந்து பதில் சொல்லும் இடமே நல்ல இடம். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஆலைக்குப் போகிறோம். குடிப்பதற்கு மட்டும் என்றால் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. வார நாளில் பிற்பகலில் போனால் கூட்டம் இருக்காது. ஆலைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

அதே இளைஞர்: நல்ல பீரா, கெட்டுப்போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கிளாஸைப் பாருங்கள். உள்பக்கச் சுவரில் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. கழுவிய கிளாஸில் குமிழி ஒட்டாமல் மேலே ஏறும். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் படிந்துகொண்டே வரும்.

அடுத்தது வாசனை. வெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தால், நொதிப்பு முழுமையாக முடிவதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள் அல்லது பீர் வரும் குழாயில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். புளிப்பு வகை என்று சொல்லி விற்காத பீரில் காடி வாசனை வந்தாலும் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது மருந்து விட்டுக் கழுவ வேண்டும். ஓர் இடத்தில் எனக்குக் காடி வாசனையோடு ஒரு கிளாஸ் வந்தது. சொன்னபோது, ‘இந்த வகை அப்படித்தான் இருக்கும்’ என்றார்கள். நானே பலமுறை காய்ச்சிய வகை அது, அப்படி இருக்காது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பல நாள் உழைத்துச் செய்த ஒரு பொருளைக் கடைசிப் பத்தடிக் குழாயில் கெடுத்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

சிம்பாங் ரெங்கத்தில் மாடு வளர்க்கும் அண்ணன்: பீர் காய்ச்சிய பார்லிச் சக்கை மாட்டுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அண்ணே. கேட்டதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஆலைக்கு வருகிறவர்களில் பலர் சக்கை நிறைந்த தொட்டியைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடுவார்கள். சர்க்கரையைச் சாறாக வடித்த பின் எஞ்சுவது உமியும் புரதமும்தான். 100 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச்சக்கை வரும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் உண்டு. வாரிப்போடும்போது ஆவி பறக்கும். புதிதாகக் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியின் மணம் ஆலை முழுவதும் பரவும்.

சிக்கல் என்னவென்றால், நம் வெயிலில் அது இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது; புளித்துப் பூசணம் பிடித்துவிடும். எல்லை தாண்டித் தீவனம் கொண்டுவர அனுமதியும் வேண்டும். ஆகவே சிங்கப்பூர்ச் சக்கையை நம்பிப் பயனில்லை. அருகிலேயே கிடைக்கும் தவுஃபு செய்த சோயாச் சக்கையும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கும் உங்களுக்குப் போதும். ஆலைக்குப் போனால் சக்கையைக் காட்டச் சொல்லி, கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள்.

இடைநிலைப்பள்ளி ஆசிரியை: நான் சைவம். தோழிகளோடு போனால் எனக்கு அங்கே ஏதாவது இருக்குமா? பெண்கள் மட்டும் போகலாமா?

தாராளமாகப் போகலாம், டீச்சர். குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுச் செல்லும் உணவகங்களாகவே அங்கே பல ஆலைகள் நடக்கின்றன. குடிக்காதவர்களும் ஆலையைப் பார்க்கலாம்.

சைவம் என்பதால் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்னும் பொருளைச் சேர்ப்பது பிரிட்டனில் நெடுங்கால வழக்கம். ஜெலட்டின் சேர்ப்பவர்களும் உண்டு. கடற்பாசியிலிருந்து எடுத்ததைக் கொதிக்கும்போது சேர்ப்பவர்களும், குளிரவைத்துத் தானாகத் தெளியவிடுபவர்களும் இருக்கிறார்கள். ‘மில்க் ஸ்டவுட்’ வகையில் பால் சர்க்கரை இருக்கும். எதைச் சேர்த்தார்கள் என்பது காய்ச்சியவருக்குத் தெரியும். அவரே பக்கத்தில் நிற்பதுதான் சிறு ஆலையின் வசதி.

தோட்டத்துக் கோயில் செயலவையைச் சேர்ந்த ஒருவர்: கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய சமுதாயம் நாம். நீங்கள் இப்படி எழுதலாமா?

உங்கள் கோபம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டுப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். காலையில் கையில் வாங்கிய கூலி மாலையில் கடைக்குப் போய்ச் சேரும் ஏற்பாட்டைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். பிற்காலத்தில் மலிவான சம்சு சாராயம் வந்து செய்த கேட்டை நானே கண்டிருக்கிறேன். என் சொந்தப் பெரியப்பா 46 வயதில் போனது அதனால்தான்.

அதனால்தான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு அளவையும் சேர்த்தே சொல்கிறேன். 5 விழுக்காட்டு பீர் 500 மில்லியில் சுத்தச் சாராயம் 25 மில்லி, அதாவது ஏறத்தாழ 20 கிராம். நம் உடல் அதைக் கரைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிறு ஆலைகளில் 7, 8 விழுக்காட்டு வகைகளும் உண்டு. பெயர்ப்பலகையில் எண் எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. குடிக்காதவர்களை யாரும் குடிக்கத் தூண்டக் கூடாது. ஏற்கெனவே குடித்து அல்லல்படுகிறவர் இந்த இடங்களுக்குப் போகவே வேண்டாம். அவருக்கு இது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல.

லாயாங் லாயாங் வாசகர்: காரில் போய் வரலாமா?

வேண்டாம். மலேசியாவில் 2020 அக்டோபர் 23 முதல் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும், இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. சிங்கப்பூரில் அளவு 80தான் என்று நம்பி ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தால், இந்தப் பக்கம் வேறு சட்டம். ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து 170ஆம் எண் பேருந்து இருக்கிறது; ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஐந்து நிமிட ரயிலும் இருக்கிறது.

இன்னொருவர்: விலை ஏன் இத்தனை அதிகம்?

சிங்கப்பூரில் பீருக்கு வரி, அதிலுள்ள சுத்தச் சாராயம் லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கணக்கிடப்படுகிறது. 5 விழுக்காட்டு அரை லிட்டருக்கு இது மட்டும் ஒன்றரை வெள்ளி. அதோடு வாடகை, கூலி. விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதன்மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடும் சேரும். 18 வெள்ளி என்று போட்டிருப்பது 21 வெள்ளி 58 காசாகிவிடும். நம் காசில் மாற்றிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

வரலாற்றில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்: அங்கே பீர் ஆலைகள் எப்போது வந்தன?

ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனக்கனும் 1931இல் சேர்ந்து மலாயன் புருவரீஸ் தொடங்கின. அடுத்த ஆண்டு டைகர் பீர் வந்தது. அதே காலத்தில் ஜெர்மானியர்கள் நடத்திய ஆர்க்கிப்பெலகோ ஆலை ஆங்கர் பீரைக் காய்ச்சியது. போரின்போது பிரிட்டிஷ் அரசு அதை எதிரிச் சொத்தாகக் கைப்பற்றியது. 1941இல் மலாயன் புருவரீஸ் வாங்கிக்கொண்டது. அலெக்சாண்டிரா சாலையில் அந்த ஆலை இருந்த இடத்துக் கடைத்தொகுதிக்கு ஆங்கர்பாயிண்ட் என்று பெயர் வந்தது இதனால்தான்.

சிறு ஆலைகளின் காலம் பிறகு வந்தது. புருவெர்க்ஸ் 1997இல் ஆற்றங்கரையில் தொடங்கியது. 2010இல் லெவல் 33 மரினா பே நிதி மையத்தின் 33ஆம் மாடியிலேயே செப்புக் கொப்பரைகளை ஏற்றி வைத்துக் காய்ச்சத் தொடங்கியது. சன்னல் ஓரமாக நின்று ஒரு பக்கம் மரினா பே நீர்ப்பரப்பையும் மறுபக்கம் கொப்பரையையும் பார்க்கலாம். இவை இடம் மாறுவதும் மூடுவதும் உண்டு. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவரே: எனக்கு வயது 19. போகலாமா? அப்பாவுக்கு இரண்டு டின் வாங்கி வரலாமா?

சிங்கப்பூரில் சட்டப்படி 18 வயது போதும். நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21. ஆகவே அங்கே உங்களுக்குத் தருவார்கள், தம்பி. வயதைக் காட்டக் கடப்பிதழ் கையில் இருக்கட்டும். ஆனால் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

டின் விஷயத்தில் கவனம் தேவை. இரவு 10.30 முதல் காலை 7 வரை அங்கே கையில் எடுத்துச் செல்ல மது விற்கக் கூடாது. அந்த நேரத்தில் பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு நம் சுங்கத்தில் வரிவிலக்கு இல்லை. கேட்பதற்கு முன் நீங்களே காட்டி வரி கட்டிவிடுங்கள். வடிகட்டாத பீர் சூட்டில் சுவை மாறிவிடும் என்பதால், ஐஸ் போட்ட பையில் வைத்து, பேருந்தில் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நிற்க வைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், அதைக் கலக்காமல் மெல்லச் சாய்த்து ஊற்றிக் கொடுங்கள்.