ஒரே நோயுள்ள இரு பிள்ளைகள் ஓர் அறையில் இருக்கலாமா?

கேள்வி: நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். 17 வயதாகும் என் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருப்பதை வேலூரில் கண்டுபிடித்தார்கள். சில மாதங்களாக அவள் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. நெபுலைசர் வைப்பதைக்கூடத் தட்டிக்கழிக்கிறாள். வேலூரில் பழக்கமான திண்டுக்கல் குடும்பம் ஒன்றில் அவள் வயதுப் பெண்ணுக்கும் இதே நோய். ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் வரும் அவர்களை எங்கள் வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் மனம்விட்டுப் பேசட்டும் என்பது என் எண்ணம். மதுரையில் இத்தகைய பிள்ளைகள் நான்கைந்து பேரை ஒன்றாக உட்காரவைத்துக் குழு ஆலோசனை நடத்தவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். எங்கள் மருத்துவரோ இரண்டுமே கூடாது என்கிறார். இது ஒட்டுவாரொட்டி அல்ல என்று எங்களுக்குச் சொன்னவரும் அவரே. எதை நம்புவது?
– ஒரு தாய், பாம்பன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மருத்துவர் சொன்னவை இரண்டும் உண்மை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட சி.எஃப்.டி.ஆர். மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே உண்டாகும் பிறவி நோய் இது. ஆகவே உங்கள் மகளிடமிருந்து அண்டை வீட்டாருக்கோ பள்ளித் தோழியருக்கோ இது வர வழியே இல்லை. ஆனால் இந்நோயில் நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுத் தேங்குவதால், சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா செபேசியா போன்ற கிருமிகள் அங்கே குடியேறி, ஆண்டுக்கணக்கில் தங்கி, மருந்துகளுக்கு எளிதில் அடங்காத வகைகளாக மாறிவிடக்கூடும். நலமாக இருக்கும் ஒருவர் அக்கிருமிகளைச் சுவாசித்தாலும் அவருடைய நுரையீரல் பெரும்பாலும் அவற்றை வெளியேற்றிவிடும். அதே நோயுள்ள இன்னொரு பிள்ளையால் அது இயலாது. உங்கள் மகளால் திண்டுக்கல் பெண்ணுக்கும், அப்பெண்ணால் உங்கள் மகளுக்கும் நேரக்கூடிய ஆபத்து இதுதான்.

உங்களைப் போலவே நல்லெண்ணத்தோடு இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்நோயுள்ள பிள்ளைகளுக்கென்றே கோடை முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. ஒன்றாக உண்டு, உறங்கி, விளையாடிய அப்பிள்ளைகள் அங்கேதான் முதன்முதலாகத் தம்மைப் போன்ற இன்னொருவரைக் கண்டார்கள். செபேசியா கிருமி முகாம்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும், சிலருக்கு அது இரத்தத்திலும் கலந்து குறுகிய காலத்தில் உயிரைப் பறிப்பதும் தெரியவந்த பிறகு, 1990-களின் தொடக்கத்தில் அம்முகாம்கள் மூடப்பட்டன. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை 2013-இல் திருத்திய வழிகாட்டுதல், இந்நோயுள்ள இருவருக்கிடையே குறைந்தது 6 அடி இடைவெளி வேண்டும் என்றும், அரங்கத்துக்குள் நடக்கும் கூட்டத்துக்கு இவர்களில் ஒருவரை மட்டுமே அழைக்கலாம் என்றும் கூறுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இருமலோடு வெளிப்பட்ட சூடோமோனாஸ் 4 மீட்டர் தூரம்வரை சென்றதும், 45 நிமிடங்களுக்குப் பிறகும் காற்றில் உயிரோடு இருந்ததும் கண்டறியப்பட்டன. சன்னல் சாத்திய ஓர் அறையில் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேசுவதையும், உங்கள் வீட்டில் இரு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதையும் இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள்.

முகக்கவசம் போட்டால் போதாதா, சென்ற முறை சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையே என்று நீங்கள் கேட்கக்கூடும். முகக்கவசம் மருத்துவமனை வராந்தாவைக் கடக்க உதவும். சாப்பாடும் தூக்கமும் சேர்ந்த இரண்டு நாள் விருந்துக்கு உதவாது. பரிசோதனையில் சில வேளை கிருமி அகப்படாமலும் போகும். திறந்தவெளியில் ஆபத்து குறைவு என்பது மெய்தான். ஆனாலும் கடற்கரையில் ஆறடி தள்ளி உட்காருங்கள் என்று பதினேழு வயதுத் தோழியர் இருவரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. ஒருவருடைய நெபுலைசரை இன்னொருவருக்குக் கொடுப்பது எந்த நிலையிலும் கூடாது. உங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பிடித்து நாள்கணக்கில் சேமித்துவைக்கும் வழக்கம் உண்டு என்பதால் இதையும் சொல்கிறேன்: ஈரம் தங்கும் இடங்களில் சூடோமோனாஸ் வளரும், ஆகவே அக்கருவியின் கழற்றக்கூடிய பாகங்களை, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், கொதிநீரில் 5 நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக உலரவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் குழு ஆலோசனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இந்நோயுள்ளவர்களிடமும் அவர்களைப் பராமரிக்கும் பெற்றோரிடமும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட மிகுதி என்பதால், 12 வயது முதல் ஆண்டுதோறும் அவற்றுக்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நாள்தோறும் மணிக்கணக்கில் மருந்தும் மூச்சுப் பயிற்சியுமாக வாழ்வதன் சலிப்பு, வகுப்பில் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது, திருமணப் பேச்சு வரும்போது எழும் அச்சம் ஆகியவற்றை நானும் நீங்களும் எவ்வளவு அன்போடு கேட்டாலும், அவற்றை அனுபவிக்கும் இன்னொரு பெண் கேட்பது போல் ஆகாது. எனவே மதுரைக்காரரிடம் அக்குழுவைக் காணொளி வழியே நடத்தித் தரச் சொல்லுங்கள். நான்கைந்து பேர், வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று தொடங்கலாம். நடத்துபவர் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகராக இருக்க வேண்டும். ஏனெனில் பிள்ளைகள் தங்கள் நுரையீரல் பரிசோதனை எண்களை ஒப்பிட்டுக் கலங்குவதையும், குழுவில் ஒருவர் நோய் முற்றி வராமல்போனால் மற்றவர்கள் அடையும் அதிர்ச்சியையும் கையாளத் தெரிந்தவர் வேண்டும்.

உங்கள் பங்காக அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் தனிமை கொடுங்கள். காதில் மாட்டும் ஹெட்போனும் சிக்னல் கிடைக்கும் ஒரு மூலையும் போதும். நீங்கள் வாசலில் போய் உட்காருங்கள், முடிந்த பிறகு என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். கரையோர வீடுகளில் இது எளிதல்ல, குறிப்பாக ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்களும் வீட்டிலேயே இருப்பார்கள் என்பதை அறிவேன். அந்நாள்களில் உறவினர் வீட்டு மாடி ஒன்றையாவது கேட்டுவையுங்கள். நேரில் மனிதர்களோடு இருக்க அவள் விரும்பினால், சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்கள் போன்ற வேறு நீண்டகால நோயுள்ள இளையோர் குழுவில், இந்நோயுள்ளவர் அவள் ஒருத்தி மட்டுமே என்ற உறுதியோடு, மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கலாம். நுரையீரல் நோயாளிகளுக்கான குழு மட்டும் வேண்டாம். காசநோயும் நாள்பட்ட சளித்தொற்றும் உள்ளவர்களோடு அவள் அமர்வது வேறொரு ஆபத்து.

நெபுலைசரைத் தட்டிக்கழிப்பதைப் பிடிவாதம் என்று கண்டிக்காமல், மருத்துவரிடம் மனச்சோர்வின் அறிகுறியாக எடுத்துச் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் அவள் ஒரு சொல் சொன்னாலும் குழு தொடங்கட்டும் என்று காத்திராமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

திண்டுக்கல் குடும்பத்தாருக்கு ஆடி அமாவாசைக்கு முன்பே தொலைபேசியில் காரணத்தை விளக்கிச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய மகளுக்கும் இது பாதுகாப்பு என்பதால் மனம் கோணமாட்டார்கள். அந்த அம்மா தனியாக வந்தால் தாராளமாக உங்கள் வீட்டில் தங்கட்டும். தாய்மார் நீங்கள் இருவரும் நேரில் உட்கார்ந்து பேசத் தடையில்லை, உங்களுக்கும் அது தேவைப்படுகிறது என்றே உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.