கேன் தண்ணீர் வாங்கியும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லையே, ஏன்?

வேலூர் மாநகராட்சிப் பகுதியில், கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டில் அவர், கணவர், மாமியார், 4 வயதிலும் ஒன்றரை வயதிலும் இரு பிள்ளைகள் என ஐந்து பேர் இருக்கிறார்கள். கணவர் மண்டியில் மூட்டை தூக்குகிறார், மாமியார் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருவதால் டிரம்மிலும் குடங்களிலும் பிடித்து வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்ததால் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கி ஓராண்டு ஆகியும் நோய் குறையவில்லை. “வீடு மாற வழியில்லை. மாதம் 500 ரூபாய்க்கு மேல் இதற்கென்று ஒதுக்க முடியாது. ஃபில்டர் வாங்கலாமா, வேறு எதை முதலில் செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார். மாமியாருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாக இருமல் இருப்பதையும், அது புகையிலைத் தூசியால் வந்தது என்று வீட்டில் நினைப்பதையும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலையும் காசநோய்க்கான பரிசோதனை செய்யாமல் தூசி என்றோ, பனி என்றோ, வயது என்றோ முடிவு செய்துவிடக் கூடாது. புகையிலைத் தூசி இருமலைத் தரும் என்பது உண்மைதான். அந்த உண்மையே பீடி சுற்றும் பெண்களிடம் நோயைக் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கிவிடுகிறது. காசநோய்க் கிருமி இருமும்போது காற்றில் பரவுகிறது. காற்றோட்டமில்லாத ஓர் அறையில் ஐந்து பேர் இரவு முழுவதும் ஒரே காற்றைச் சுவாசிக்கும்போது அது மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தொற்றினால் மூளையுறை வரை சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பது அத்தகைய கடுமையான வகைகளிலிருந்து ஓரளவு காக்குமே தவிர, முழுப் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே இந்த வாரத்திலேயே மாமியாரை உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அங்கே இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டியான சளியைக் கொடுக்க வேண்டும். நோய் உறுதியானால் சிகிச்சை பெரும்பாலும் 6 மாதம் நடக்கும். மாத்திரைகள் இலவசமாகக் கிடைப்பதுடன், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும் திட்டமும் உண்டு. 500 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்டது. வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு தடுப்பு மாத்திரை தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முடிவு தெரியும்வரை மாமியார் வாயைத் துணியால் மூடிக்கொண்டு இருமட்டும். கதவு திறந்திருக்கும் பகல் நேரத்தில் வாசலோரம் உட்கார்ந்து வேலை செய்யட்டும்.

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேன் தண்ணீருக்குக் கொடுத்த பணம் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கண்ட அனுபவத்தை வேலூரில் ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழுவினர், உங்களுடையதைப் போன்ற நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், பாட்டில் குடிநீர் குடித்த குழந்தைகளையும் மாநகராட்சித் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் தொற்று, நல்ல குடிநீர் கொடுத்ததால் மட்டும் குறையவில்லை. காரணம் எளிது. கிருமி குழந்தையின் வாய்க்குப் போகும் வழிகளில் குடிநீர் ஒன்று மட்டுமே. பாத்திரம் கழுவும் தண்ணீர், சமைப்பவரின் விரல்கள், தரையில் தவழ்ந்துவிட்டு வாய்க்குப் போகும் குழந்தையின் கை, உணவில் உட்காரும் ஈ, வீட்டு வாசலில் திரியும் கோழி, ஆடு ஆகிய மற்ற வழிகளெல்லாம் திறந்தே கிடக்கும்போது ஒன்றை மட்டும் காசு கொடுத்து அடைப்பதால் பலன் தெரிவதில்லை.

அதிலும் அந்த ஒரு வழியே பெரும்பாலும் முழுமையாக அடைபடுவதில்லை. கேனிலிருந்து தண்ணீரைக் குடத்தில் ஊற்றி வைத்து, அதில் சொம்பை விட்டு மொள்ளும்போது என்ன நடக்கிறது என்று ஒரு நாள் உற்றுப் பாருங்கள். சொம்பின் விளிம்பைப் பிடித்த நான்கு விரல்களும் கணு வரை தண்ணீருக்குள் போய் வருகின்றன. அந்தக் கை சற்று முன்பு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டிருக்கலாம், டிரம்மை நகர்த்தியிருக்கலாம், பீடி இலையைக் கத்தரித்திருக்கலாம். காலையில் சுத்தமாக இருந்த தண்ணீர் மாலைக்குள் சுத்தமற்றதாவது இப்படித்தான். எனவே ஃபில்டர் வாங்குவதற்கு முன்பு, அடியில் குழாய் வைத்த, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை வாங்குங்கள், ஒருமுறைச் செலவுதான். அதற்கும் இப்போது இயலாவிட்டால், நீண்ட கைப்பிடியுள்ள மொள்ளும் கரண்டி ஒன்றைக் குடத்துக்கென்றே ஒதுக்கி, தரையில் வைக்காமல் ஆணியில் மாட்டிவையுங்கள்.

அடுத்த செலவு சோப்பு. மாதச் செலவில் இதை மட்டும் குறைக்கவே கூடாது என்பேன். நாள் முழுவதும் கழுவிக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தண்ணீரே அளவாகக் கிடைக்கும் வீட்டில் அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. மலம் கழித்த பிறகும், குழந்தையின் மலத்தை எடுத்த பிறகும், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பும் கட்டாயம் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒரு மக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினாலே இருவர் கை கழுவலாம். பச்சைக் குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. உண்மையில் வயிற்றுப்போக்குக் கிருமிகளை அதிகம் வெளியேற்றுபவர்கள் சிறு குழந்தைகளே. அந்த மலத்தைக் கால்வாயிலோ வாசல் சாக்கடையிலோ கொட்டாமல், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் கழிப்பறை இல்லையென்றால் பொதுக் கழிப்பிடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

ஃபில்டர் வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். அதற்குக் கார்ட்ரிட்ஜ் மாற்றும் செலவும், பல வகைகளுக்கு மின்சாரமும் தொடர்ந்து வேண்டும். மாற்றத் தவறினால் அதுவே கிருமிக்கு இடமாகும். பிள்ளைகள் இருவரும் குடிக்கும் அளவுக்கு மட்டும் தினமும் ஒரு பாத்திரம் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்தால் போதுமானது. பத்து, இருபது நிமிடம் கொதிக்கவைத்து கேஸைச் செலவழிக்கத் தேவையில்லை. குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியமும் கொதிநீரில் செத்துவிடும். இதைச் செய்யத் தொடங்கியபின் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் முட்டையும் பருப்பும் வாங்கலாம். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தை எடை ஏறாமல் நிற்கும். எடை குறைந்த குழந்தையை நோய் மறுபடியும் எளிதாகப் பிடிக்கும். அந்தச் சுழற்சியை உணவுதான் உடைக்கும்.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறை கழிந்த பிறகும் சின்னவனுக்கு 50 முதல் 100 மில்லி, பெரியவனுக்கு 100 முதல் 200 மில்லி, ஸ்பூனிலோ டம்ளரிலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கும் பழக்கம் ஆபத்தானது, உப்பு அதிகமாகிவிடும். ஜிங்க் மாத்திரை, இந்த வயதில் நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம், போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையோ சோற்றையோ நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பி, குழந்தை குடிக்கவும் முடியாமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, இரவென்று பாராமல் 108ஐ அழையுங்கள்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசு நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. இந்தியாவில் உருவான ரோட்டா மருந்தின் பெரிய பரிசோதனை நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று. இவ்வூரின் குடிசைப் பகுதித் தாய்மார்கள் ஒத்துழைத்ததன் பயன் இன்று நாடெங்கும் போய்ச் சேர்கிறது. 2017 முதல் 2020 வரை நடந்த டைபாய்டு ஆய்விலும் வேலூர் இடம்பெற்றது. நகரக் குழந்தைகளிடம் அந்நோய் நாம் எண்ணியதைவிடப் பரவலாக இருப்பது அதில் தெரிந்தது. ஒரே தவணையாகப் போடும் டைபாய்டு கான்ஜுகேட் ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. ஃபில்டருக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தால், அதை இந்த ஊசிக்குச் செலவிடுவதே மேல்.

சேமித்து வைக்கும் தண்ணீரால் வரும் இன்னோர் ஆபத்து டெங்கு. ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நீங்கள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் சாகாமல் இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது; வாரம் ஒருமுறை, புதுத் தண்ணீர் வருவதற்கு முன்பு, உட்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு பழைய வேட்டியால் வாயை இறுகக் கட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கால்வாய் பொங்கி வீட்டுக்குள் வரும் பகுதிகளில், எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலையும் மனதில் வைக்க வேண்டும்; காலில் புண்ணுள்ளவர்கள் அந்தத் தண்ணீரில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் உண்ணிக் காய்ச்சலும் அதிகம். காய்ச்சல் நான்கைந்து நாளாகியும் விடவில்லையென்றால், குழந்தையின் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி கடித்த தடமாக, சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது வலிக்காது, அரிக்காது. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. மருத்துவரிடம் அதைக் காட்டினால், மலிவான மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது. காட்டத் தவறினால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும்.

பீடி முறத்தைப் பொறுத்தவரை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றக் கூடாது என்பதும், புகையிலைத் தூளை இரவில் படுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்பதும் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியவை. தவழும் குழந்தை ஒரு பிடித் தூளை வாயில் போட்டாலே நிகோடின் நஞ்சாகிவிடும். சித்திரை வெயிலில் ஷீட் கூரையின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு ஓரளவு தணியும்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்குள் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. விட்டுவிட்டு வரும் குடிநீரில், குழாய் காலியாக இருக்கும் நாட்களில்தான் ஆபத்து நுழைகிறது. உள்ளே அழுத்தம் இல்லாதபோது, கால்வாயைக் கடந்து செல்லும் குழாயின் வெடிப்புகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கும் வீடுகள் இதை மேலும் மோசமாக்குகின்றன. அதனால் தண்ணீர் வந்த முதல் சில குடங்களைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாமல் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. தெருவின் கடைசி வீட்டில் அதைச் சோதித்துக் காட்டும்படி மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். ஒரு சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்க்கும் ஐந்து நிமிட வேலைதான் அது. நிறம் வரவில்லையென்றால், குழாய் எந்த இடத்தில் கால்வாயைக் கடக்கிறது, எந்தெந்த வீட்டில் எந்தத் தேதியில் யாருக்கு வயிற்றுப்போக்கு அல்லது மஞ்சள் காமாலை வந்தது என்று ஒரு தாளில் எழுதி, தெருப் பெண்கள் பத்துப் பேராவது கையெழுத்திட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். தெருவில் கர்ப்பிணிகள் இருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள், ஏனெனில் சாக்கடை கலந்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் இ காமாலை மற்றவர்களைவிட அவர்களின் உயிரையே அதிகம் பறிக்கிறது. அந்த ஒரு வரி உங்கள் மனுவை அவசரமானதாக்கும்.