முதல் உரையை மனப்பாடம் செய்யலாமா?

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். அண்மையில், மேடைப்பேச்சு பழகுவதற்கான எங்கள் ஊர் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேர்ந்தேன். இரண்டு வாரத்தில், என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ‘ஐஸ்பிரேக்கர்’ உரையை ஆற்ற வேண்டும். நான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவருகிறேன். ஆனால், பாதியில் மறந்துவிடுமோ என்ற அச்சம் விட்டபாடில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்களை அச்சுறுத்துவது மேடையன்று, அந்த நான்கு பக்கங்கள்தாம் என்று தோன்றுகிறது. பள்ளியில் குறள் ஒப்பித்தபோது ஒரு சீர் நழுவினால், யாராவது எடுத்துக்கொடுக்கும்வரை அடுத்த சீரும் வராமல் நின்றோம் அல்லவா? சொற்களின் வரிசையை மட்டும் பற்றிக்கொண்டு நடக்கும் நினைவு அப்படித்தான் தடுமாறும்.

ஐஸ்பிரேக்கருக்கு 4 முதல் 6 நிமிடம்தான். 4ஆம் நிமிடத்தில் பச்சை, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு விளக்கு எரியும். உங்கள் நான்கு பக்கங்களை, வீட்டில் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, கைப்பேசியில் நேரம் வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். வெட்டுவதென்றால், பிறந்த ஊர், படித்த பள்ளி, பெற்ற பட்டம் என்னும் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பப் படிவத்தில் இருப்பதைக் கேட்க யாரும் மாலை வேளையில் கூடுவதில்லை. மாறாக, வேலையில் சேர்ந்த புதிதில் ரொக்கம் டாலி ஆகாமல் மூன்று முறை எண்ணிய மாலை ஒன்று உங்களுக்கும் வாய்த்திருக்குமானால், அதை மட்டும் விரிவாகச் சொன்னாலே நீங்கள் எத்தகையவர் என்பது அவையினருக்கு விளங்கிவிடும்.

பிறகு அந்த உரையை ஐந்தாறு சொற்களாகச் சுருக்கி, அஞ்சலட்டை அளவுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களும் முடிவின் ஒரு வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளவை ஒவ்வொரு ஒத்திகையிலும் சற்றே வேறு சொற்களில் வந்தால் கவலை வேண்டாம். பொருள் உங்கள் வசமாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்னொன்று: 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி முதல் மன்றத்தைத் தொடங்கிய காலம்தொட்டு, இம்மன்றங்களில் ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது, உறுப்பினர்களே ஒருவரையொருவர் மதிப்பிடுகிறார்கள். ஆகவே, உங்கள் மதிப்பீட்டாளரை முன்கூட்டியே சந்தித்து, “என் குரல் கடைசி வரிசைவரை கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்” என்பதுபோல் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். பேச்சினிடையே தேவையின்றி நுழையும் ‘வந்து’, ‘அதாவது’ ஆகியவற்றை எண்ணுவதற்கு வேறொருவர் இருப்பார். முதல் உரையில் அவரை மறந்துவிடலாம்.

கேள்வி: மன்றப் போட்டியில் ‘அவர்களே, அவர்களே’ என்று விளிக்கும் நேரமும் கணக்கில் வருமா?
– வாசகர், மதுரை

பதில்: வரும். அவையை நோக்கி நீங்கள் விடுக்கும் முதல் சொல்லோ சைகையோ எதுவானாலும், அதிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கும். 5 முதல் 7 நிமிட உரை 4 நிமிடம் 30 விநாடிக்குக் குறைந்தாலும், 7 நிமிடம் 30 விநாடியைத் தாண்டினாலும் தகுதியிழப்புதான். நம் மேடை மரபின் நீண்ட வரிசையைத் திருமண வரவேற்புக்கு வைத்துக்கொண்டு, இங்கே “அவைத்தலைவருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.