மூச்சுக்குழாயைச் சுருக்கும் நொதி

கேள்வி: ஆஸ்துமாவுக்கு மாண்டெலுகாஸ்ட் மாத்திரை இருக்கும்போது, மூச்சுக்குழாயைச் சுருக்கும் வேதிப்பொருள்களான லூக்கோட்ரையீன்களை உருவாக்கும் நொதிகளை ஏன் இன்னும் ஆராய்கிறார்கள்?

பதில்: அம்மாத்திரை லூக்கோட்ரையீன்களின் உற்பத்தியை நிறுத்துவதில்லை, செல்களில் அவை பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுள் ஒரு வகையை மட்டுமே அடைக்கிறது. செல்சவ்விலிருந்து விடுபடும் அராகிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தை 5-லிப்பாக்சிஜனேஸ் என்னும் நொதி லூக்கோட்ரையீன் ஏ4 ஆக மாற்ற, அதனுடன் குளுட்டதயோன் என்னும் சிறு மூலக்கூறை இணைத்து, மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கிச் சளியையும் பெருக்கும் லூக்கோட்ரையீன் சி4 ஐ உருவாக்குவது மற்றொரு நொதி. முதல் நொதியைத் தடுக்கும் சைலூட்டான் என்னும் மருந்து 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறது. மேலும், முதற்படியை அடைத்தால், கிருமிகளை எதிர்க்க வெள்ளணுக்களை அழைக்கும், அதே ஏ4 இலிருந்து உருவாகும் லூக்கோட்ரையீன் பி4 உம் குறைந்துவிடும். ஆகவே, 2007இல் முப்பரிமாண அமைப்பு வெளியான இரண்டாம் நொதியை மட்டும் தடுப்பதே நுட்பமான வழி என்பது என் கருத்து. ஆஸ்பிரினால் ஆஸ்துமா தூண்டப்படுவோரிடம் இந்நொதி மிகுந்திருப்பதும் அதற்கு வலுச்சேர்க்கிறது.