கடுவன் பூனைக்கு எதற்குக் கருத்தடை?

கேள்வி: “ஏழு மாதக் கடுவன் பூனை வளர்க்கிறோம். குட்டி போடுவது பெட்டைதானே, ஆணுக்கு எதற்குக் கருத்தடை? அதன் இயற்கையைக் கெடுப்பது பாவம் இல்லையா?”

2017இல் இதே கேள்வியை என் அப்பா கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் எங்கள் செவலைக்குக் கருத்தடை செய்யாமல் விட்டுவிட்டோம். ஐந்து வயது முடியும் முன்பே அவன் செத்துப்போனான். அப்பாவுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீடு தஞ்சாவூரில் பழைய ஓட்டு வீடு. பின்னால் கொல்லை, அதைத் தாண்டினால் அடுத்த தெருவின் கொல்லைகள். பூனைக்கு எட்டுத் திக்கும் வாசல். செவலை கைக்குட்டியாக வந்தவன். அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டே வளர்ந்தான். எட்டு மாதம் ஆனபோது ஒரு நாள் பீரோவுக்கு முதுகைக் காட்டி நின்றான், வாலைச் செங்குத்தாகத் தூக்கினான், வால் நுனி நடுங்கியது, பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தான். அதன்பின் அரிசி மூட்டை, செருப்பு, துவைத்து மடித்து வைத்த வேட்டி என்று ஒன்றையும் விடவில்லை. அவனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

திமிர் ஒன்றும் இல்லை. பருவத்துக்கு வந்த கடுவன் தன் எல்லையை இப்படித்தான் எழுதி வைக்கும். பூனையின் மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆண் ஹார்மோன் ஓடும் கடுவனிடம் அது பெட்டையிடம் இருப்பதைவிட மிக அதிகம். வெளியே வந்தபிறகு அது சிதைந்து கந்தகம் கலந்த பொருள்களாக மாறுகிறது. அந்த நாற்றம் நேரம் போகப்போகக் கூடுவதற்கு இதுதான் காரணம். அம்மா ஃபினாயில் ஊற்றிக் கழுவுவார். அதுவும் தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது: ஃபினால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, அது பூனைக்கு விஷம். சோப்புத் தண்ணீரே போதும்.

நாற்றத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் வெளியே போய் வந்த நிலையைத்தான் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் காணாமல் போவான். வரும்போது காது கிழிந்திருக்கும், கன்னம் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கும். பூனைப் பல் ஊசி மாதிரி. ஆழமாக இறங்கும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், பல்லோடு போன கிருமி உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். அவன் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நாலைந்து நாளில் அது உடைந்து ஒழுகும். மருத்துவரிடம் கொண்டுபோனால் கீறிச் சீழ் எடுத்து, கழுவி, ஆன்டிபயாடிக் ஊசி போடுவார். ஆறும். அடுத்த மாதம் மறுபடியும். இரண்டு வருடத்தில் ஐந்து தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் மருத்துவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “இவனுக்குக் கருத்தடை பண்ணிடுங்க, இது நிக்கும்.” ஒவ்வொரு தடவையும் நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

(இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பூனைக்குக் காய்ச்சல், வலி என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை ஒரு துண்டுகூட உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள அளவுக்கு அந்த மருந்தை முறிக்கும் நொதி பூனைக்கு இல்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.)

நான்காவது வயதில் செவலை இளைக்க ஆரம்பித்தான். ஈறு சிவந்து, வாயில் புண் வந்து, மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். ரத்தம் எடுத்துச் சோதித்தபோது எஃப்.ஐ.வி. என்று வந்தது. மனிதருக்கு வரும் எச்.ஐ.வி.க்குச் சொந்தக்கார வைரஸ் இது. 1986இல் கலிஃபோர்னியாவில், கூட்டமாகப் பூனை வளர்த்த ஓரிடத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றாது. நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லத் தின்னும், குணப்படுத்த மருந்து கிடையாது. வந்த பூனை உடனே செத்துவிடும் என்றும் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் வாழும் பூனைகள் உண்டு. செவலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இது பெரும்பாலும் எப்படிப் பரவுகிறது தெரியுமா? கடியில். எச்சிலில் இருக்கும் வைரஸ் ஆழமான கடிக்காயம் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவுவது அரிது. ஆகவே இந்த நோய் அதிகம் பிடிப்பது யாரை என்றால், வெளியே திரிந்து சண்டை போடும், கருத்தடை செய்யாத கடுவன்களைத்தான். அந்த ஐந்து கட்டிகளில் எந்தக் கடியில் இது வந்ததோ, எனக்குத் தெரியாது. முதல் கட்டிக்குப் போனபோதே மருத்துவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். இதை எழுதும்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

“ஆணுக்கு எதற்கு” என்று கேட்டீர்கள். பெட்டை படும் பாடு நம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது: வயிறு பெருக்கிறது, அட்டைப்பெட்டியில் குட்டி போடுகிறது. கடுவன் படும் பாடு ராத்திரியில், யார் வீட்டு ஓட்டின் மேலோ நடக்கிறது. நமக்குத் தெரிவது காலையில் வந்து படுக்கும் உடம்பு மட்டும்தான். பெட்டையின் வாசனை தேடி ரோட்டைக் கடப்பது, தெருநாய்க் கூட்டத்தில் மாட்டுவது, எல்லாம் இந்த ஹார்மோன் ஓட்டும் ஓட்டம். வெறிநாய் கடித்தால் பூனைக்கும் ரேபிஸ் வரும், அது கடித்தால் நமக்கும் வரும். கருத்தடை செய்தாலும் செய்யாவிட்டாலும் ரேபிஸ் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் குட்டிகள். உங்கள் வீட்டில் பிறக்கவில்லை என்பதால் உங்கள் கடுவனுக்குக் குட்டி இல்லை என்று ஆகாது. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், சுமார் 9 வாரத்தில் ஈன்றுவிடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் கூடும். பகல் நீளமாக இருக்கும் காலம்தான் அதற்குப் பருவ காலம். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் அதனால் ஓர் இடைவெளி விழுகிறது. நம் ஊரில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, வருடம் முழுக்கக் குட்டிதான். அந்தக் குட்டிகள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். புதாற்றங்கரையிலும் மீன் மார்க்கெட் வாசலிலும் கண் திறக்காத குட்டிகளைக் கட்டைப்பையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நானே இரண்டு தடவை அப்படி ஒரு பையை எடுத்து வந்திருக்கிறேன். ஏழு குட்டிகளில் பிழைத்தது ஒன்று. வளர்ப்புப் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது, பையும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் ஒரு நேர்மையான விஷயத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஒரு கடுவனுக்குச் செய்துவிட்டால் தெருவில் குட்டி குறைந்துவிடாது. செய்யாத கடுவன் இன்னொன்று இருந்தால் போதும், அந்தப் பகுதிப் பெட்டைகள் எல்லாம் சினையாகிவிடும். குட்டிகள் பெருகுவது குறைய வேண்டுமானால் பெட்டைகளுக்கும் செய்தாக வேண்டும். உங்கள் பூனைக்கு நீங்கள் செய்வது முதலில் அவன் உடம்புக்காக.

பாவமா? நானும் நிறைய யோசித்தேன். பூனையின் இணைசேர்க்கையில் நாம் கற்பனை செய்யும் குடும்பம் எதுவும் இல்லை. கடுவனின் குறியில் பின்னோக்கிய சிறு முட்கள் உண்டு. பெட்டை வலியில் அலறித் திரும்பி அறையும், அவன் ஓடிவிடுவான், அவ்வளவுதான். குட்டிகளைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சில கடுவன்கள் கொன்றும் போடும். ஹார்மோன் வற்றியதும் அந்த முட்களும் மறைந்துவிடுகின்றன, அந்த உந்துதலும் அடங்கிவிடுகிறது. தனக்கு ஏதோ பறிபோய்விட்டது என்று ஏங்கும் பூனையை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து சோறு போட்டு மடியில் வைத்துக்கொண்டபோதே அதன் இயற்கையில் நாம் கைவைத்துவிட்டோம். அதற்குப் பிறகு வரும் வலியை மட்டும் இயற்கை என்று அதன் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செவலை போன அடுத்த வருடம் கருப்பன் வந்தான், ஒரு கட்டைப்பையில் பிழைத்தவன். ஆறாவது மாதத்தில் அவனுக்குச் செய்துவிட்டேன். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதற்காக. எத்தனை மணி நேரம், தண்ணீரை எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், குட்டியின் வயதைப் பொறுத்து மாறும். என்னிடம் பூனைப்பெட்டி இல்லை, இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டிக் கொண்டுபோனேன். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு விதைப்பையில் சின்னக் கீறல்தான். இரண்டு விதைகளையும் எடுத்து, குழாயையும் ரத்தநாளத்தையும் முடிச்சுப் போட்டு விட்டுவிடுவார்கள். அறுவைக்கு மட்டும் பத்து நிமிடம் ஆனதோ என்னவோ. பெரும்பாலும் தையல்கூட இல்லை, தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு விதை மட்டும் கீழே இறங்காமல் வயிற்றுக்குள் இருந்தால் அதையும் தேடி எடுக்க வேண்டும், அப்போது அறுவை கொஞ்சம் பெரிது.

திரும்பக் கொண்டுவரும்போது கண் திறந்தபடியே கிடந்தான், எனக்குக் குலை நடுங்கியது. பூனைக்குப் போடும் கெட்டமின் மயக்கத்தில் கண் மூடாது, அவ்வளவுதான்; காயாமல் இருக்கக் களிம்பு போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பரண், கட்டில் எதிலும் ஏற விடாமல் தரையில் துணி விரித்துப் படுக்க வையுங்கள். முழுசாகத் தெளிந்தபிறகு கொஞ்சமாகச் சாப்பாடு. மண் தொட்டிக்குப் பதிலாக நாலைந்து நாள் கிழித்த நியூஸ் பேப்பர் போடுங்கள், காயத்தில் மண் ஒட்டாது. நக்கிக்கொண்டே இருந்தால் கழுத்துக் கூம்பு மாட்டுங்கள். கருப்பன் மறுநாள் காலை வழக்கம்போலப் பால்காரர் மணிக்கு வாசலுக்கு ஓடினான்.

கருத்தடை செய்தால் மந்தமாகிவிடும் என்பார்கள். கருப்பன் இன்றைக்கும் பல்லியை விடுவதில்லை. ஆனால் எடை கூடும், அது உண்மை. உடம்புக்கு வேண்டிய சக்தி குறைகிறது, பசி கூடுகிறது; பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் ஊதிவிடும். மூத்திரம் அடைத்துக்கொள்ளும் என்ற பயமும் பலருக்கு உண்டு. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் இயல்பிலேயே குறுகல். கருத்தடையால் அது இன்னும் குறுகுவதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பு பெருக்காமலும், தண்ணீர் நிறையப் போகும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். மண் தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, சொட்டுச் சொட்டாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, செய்த பூனையோ செய்யாத பூனையோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள்.

உங்கள் பூனைக்கு ஏழு மாதம். இன்னும் சுவரில் அடிக்கத் தொடங்கவில்லை என்றால் சரியான நேரம் இதுதான்; பழக்கமாவதற்கு முன் செய்தால் நல்லது. தொடங்கிவிட்டாலும் பரவாயில்லை, பத்தில் ஒன்பது கடுவன்கள் கருத்தடைக்குப் பிறகு அடிப்பதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். எனக்கு மருந்தோடு சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. தனியாரிடம் முடியாது என்றால் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். எங்கள் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நெல்லை, நாமக்கல், சென்னை வேப்பேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. முடித்த பிறகும் சில வாரம் அவனுக்குள் உயிரணு மிச்சம் இருக்கும். ஒன்றரை மாதம் வரைக்கும் கொல்லைக் கதவைச் சாத்தியே வையுங்கள்.