நாலு வயதுப் பையன் "காக்கா"வை "தாத்தா" என்கிறான். சென்னை கொருக்குப்பேட்டையில் ஒரே அறை வீடு. ஆன்லைன் ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) சரிப்படுமா?

சரிப்படும். மற்றபடி நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குக் ககரம் மட்டும் தகரமாக வந்தால், வீடியோவிலேயே திருத்தலாம். சாப்பிடும்போது புரையேறுகிறது, பேச்சே குறைவு என்றால் நேரில்தான் காட்ட வேண்டும்.

முதல் வேலை காது சோதனை. அது ஆன்லைனில் நடக்காது. சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டாலே ஒலி மங்கிவிடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். தெரபிஸ்ட் பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.ஏ.எஸ்.எல்.பி. (கேட்பு, பேச்சுத் துறைப் பட்டங்கள்) படித்தவரா என்று பாருங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். ஸ்டூல் மேல் அரிசி டப்பாவில் சாய்த்து, கேமரா பிள்ளையின் வாய் உயரத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் வாய் இருட்டாகத் தெரியும், நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கவே முடியாது. வெறும் சுவர் எதிரொலிக்கும், துணி தொங்கும் கொடிப் பக்கம் உட்காருங்கள். ப்ளூடூத்தை விட ஒயர் வைத்த இயர்போனின் மைக் தெளிவு. அரை மணி நேரத்துக்கு 300 முதல் 500 எம்பி வரை டேட்டா போகலாம். குக்கரை வகுப்பு தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். க, த இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் கண நேர வெடிப்பொலியில்தான். நெட் தடுமாறினாலோ, இரைச்சலைக் குறைக்கும் வசதி குறுக்கே வந்தாலோ அதுவே முதலில் அடிபடும். அதனால் பத்துச் சொற்களைப் போனிலேயே ரெக்கார்ட் செய்து அனுப்புங்கள். "சேர்ந்து சொல்லலாம்" என்பதும் வேண்டாம். குரல் தாமதமாகப் போவதால் மாற்றி மாற்றித்தான் சொல்ல முடியும்.

ககரம் சொல்ல, நாக்கின் நுனி மேலே போகாமல் பின்பகுதி எழும்ப வேண்டும். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு தானாகவே பின்னால் சரியும். போனை நீங்கள் மேலே பிடியுங்கள். அப்படியும் வராவிட்டால் சுத்தமான ஸ்பூன் காம்பால் நாக்கு நுனியை மட்டும் லேசாக அழுத்தலாம். உள்ளே போனால் குமட்டும், ஆகவே தெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முதலில் "அக்" என்று நிறுத்துவது, அடுத்து "கோ", "கூ". "கி" கடைசியில்தான், ஏனென்றால் இகரம் நாக்கை முன்னால் இழுக்கும்.

சொல் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நகம்", "பகல்" வேண்டாம். நடுவில் வரும் ஒற்றைக் ககரம் பேச்சில் மெலிந்துவிடும். "அக்கா", "மூக்கு", "பாக்கு" என்று இரட்டிப்பதை எடுங்கள். பிறகு படம் காட்டி "காக்கா – தாத்தா", "கை – தை" ஜோடி. தை என்றால் ஊசி நூல் படம் போதும்.

வீட்டில் ஒரே மூச்சில் அரை மணி வேண்டாம், ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை போதும். வகுப்பில் சரியாகச் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் மறுபடி "தாத்தா பறக்குது" என்பான். சில வாரம் அப்படித்தான் இருக்கும். "தப்பு, திருப்பிச் சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். "ஆமா, காக்கா பறக்குது" என்று நீங்கள் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.