பெட்டியை யார் நிரப்புவது?

கேள்வி: விடுமுறையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பரிசுப் பெட்டி அனுப்பலாம் என்று ஆறு வயது மகனைக் கடைக்குக் கூட்டிப்போனோம். எதை எடுத்தாலும் ‘இது எனக்கு’ என்று அழுகிறான். கொடுக்கும் குணமே வராதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: கட்டாயம் வரும். நூறு பொம்மைகளுக்கு நடுவே நிறுத்தி, ஒன்றும் உனக்கில்லை என்றால் எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும். முடிவெடுக்கும் வேலையை முந்தின நாளே வீட்டில் முடித்துவிடுங்கள். பெறப்போவது ஆணா பெண்ணா, என்ன வயது என்று மகனே சொல்லட்டும். தன் வயதையே சொன்னால் மிக நல்லது; அந்த வயதுக்கு எது பிடிக்கும் என்பது நம்மைவிட அவனுக்குத் தெரியும். வாங்க வேண்டியதைப் படமாக வரையட்டும். நாளைக்குப் பெட்டிக்கு மட்டும்தான் வாங்குவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கடையில் இரண்டு பொருளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், போதும்.

ஒரு பொருளாவது அவன் உண்டியல் காசில் வாங்கியதாக இருக்க வேண்டும். லாரா அக்னின் முதலான உளவியலாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தை வாங்கிக்கொண்டபோதைவிடக் கொடுத்தபோது அதிகம் மகிழ்ந்தார்கள். அதிலும், பிறர் எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோதைவிடத் தன் பங்கிலிருந்தே கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. முழுக்க உங்கள் பணத்தில் நிறையும் பெட்டி உங்கள் கொடைதான், அவனுடையது ஆகாது.

கேள்வி: ஷூ பெட்டி அளவுக்குள் எதை, எப்படி அடுக்குவது?

பதில்: முதலில் அனுப்பும் அமைப்பின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறித்தவ அமைப்பு 1993 முதல் நடத்திவரும் ‘ஆபரேஷன் கிறிஸ்மஸ் சைல்டு’ திட்டத்தில் 2–4, 5–9, 10–14 என்று வயதுப் பிரிவுகள் உண்டு. உணவு, மருந்து, பற்பசை, திரவம், உடையும் பொருள், பொம்மைத் துப்பாக்கி, பழைய சாமான் எதையும் அங்கே ஏற்பதில்லை. எந்த அமைப்புக்கு அனுப்பினாலும் இந்தப் பட்டியல் நல்ல வழிகாட்டி. ஷாம்பு பாட்டில் ஒன்று கசிந்தால் நோட்டுப்புத்தகம் முழுக்கப் பாழ்.

பெரிய பொருள் ஒன்றை முதலில் வையுங்கள்: பொம்மை, ஸ்கிப்பிங் கயிறு, இல்லையென்றால் பந்து. பந்தைக் காற்றிறக்கி வைத்தால் பம்பும் ஊசியும் கூடவே போக வேண்டும். மறந்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் தோல். பென்சில் 6 வைத்துவிட்டு ஷார்ப்னரை விடுவதும் அடிக்கடி நடக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டியில் மெழுகு கிரேயான் உருகும், கலர் பென்சிலே மேல். சோப்பை உறை பிரிக்காமல் ஜிப் பையில் போடுங்கள், வாசனை மற்றதில் ஏறாது. பொம்மைகளின் அட்டை உறையைக் கழற்றினால் நிறைய இடம் மிஞ்சும். சாக்ஸைச் சுருட்டி இடுக்குகளில் திணித்தால் எதுவும் குலுங்காது.

நான்கு வயதுக்குள் என்றால் கோலி, சிறு மணிகள், பொத்தான் பேட்டரி வேண்டவே வேண்டாம். விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயையே பொசுக்கிவிடும்.

மூடியை டேப் போட்டு ஒட்டாதீர்கள். சோதிப்பவர்கள் திறந்து பார்ப்பார்கள், அகலமான ரப்பர் பேண்டு போதும். வண்ணத்தாள் சுற்றுவதானால் மூடிக்கும் பெட்டிக்கும் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

கேள்வி: பெட்டி கட்டி முடித்ததும் மகளுக்கும் ஒரு பரிசு தரலாமா?

பதில்: வேண்டாம். வார்னெக்கன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், உதவி செய்ததற்குப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், எதுவும் பெறாதவர்களைவிடப் பின்னர் குறைவாகவே உதவினார்கள். ‘அந்தப் பாப்பா இதைத் திறக்கும்போது முதலில் எதை எடுக்கும்?’ என்று பேச்சுக் கொடுங்கள்.

கேள்வி: கடிதம் வைக்கலாமா?

பதில்: அவசியம். பெயர், வயது, பிடித்த விளையாட்டு என்று நாலு வரி போதும். முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். ‘உன்னிடம் ஒன்றும் இல்லையாமே’ என்ற இரக்கத் தொனி வந்தால் மெல்லத் திருத்துங்கள். பெறுவது இன்னொரு பிள்ளை, அதற்கும் மானம் உண்டு. எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். கூடவே வெற்றுத்தாள் நாலும் மடித்து வையுங்கள், அங்கே இருக்கும் பிள்ளைக்கும் வரையத் தோன்றும்.